ஆணியை வளைக்கும் இளவட்டங்களே, முதலில் கையைப் பாருங்கள்!

(நமது நிருபர்)

வாடிப்பட்டி மேளம் என்றால் தெரியாத ஆள் மதுரைச் சீமையில் இருக்க முடியாது. கல்யாணமா, காதுகுத்தா, அம்மன் கோவில் பொங்கலா, அரசியல் தலைவர் வரவேற்பா? வாடிப்பட்டிக்கு ஆள் அனுப்பி அச்சாரம் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்கள்.

அந்த மேளக்காரர்களில் ஒரு வாலிபர். வயது 22. மூன்று வாரமாக அவர் மேளத்தைத் தொடவில்லை. வலது உள்ளங்கையில் பெரிய கட்டு. சுண்டு விரலை முழுசாக மடக்க முடியவில்லை.

என்ன நடந்தது? பஸ் விபத்தா? இல்லை. அடிதடியா? அதுவும் இல்லை.

ஆறு அங்குல ஆணி!

"டீக்கடையில பேச்சு முத்திப் போச்சுண்ணே. நீ வளைச்சுருவியாடான்னு கேட்டாங்கெ. நூறு ரூவா பந்தயம். கைக்குட்டைய ரெண்டா மடிச்சு சுத்திக்கிட்டு ஒரே அமுக்கு. ஆணி வளைஞ்சிருச்சு. கைதட்டுனாங்கெ. கையத் தொறந்து பாத்தா ரத்தம்" என்றார் அவர்.

ஆணியின் கூர்முனை கைக்குட்டையைக் கிழித்து உள்ளங்கைக்குள் இறங்கியிருக்கிறது.

"நூறு ரூவா ஜெயிச்சேன். ஏழு விசேஷம் கைவிட்டுப் போச்சு. முகூர்த்த மாசம்ணே. வேற ஆளக் கூட்டிட்டுப் போயிட்டாங்கெ. பேரு மட்டும் போட்டுறாதீக. அம்மா பேப்பர் படிக்கும்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேர் போடவில்லை. ஆனால் விஷயத்தைப் போடாமல் இருக்க முடியாது. ஏனென்றால் இது அவர் ஒருவர் கதை அல்ல.

செல்போன் செய்த வேலை

உடற்பயிற்சிக் கூடம் பக்கம், ஒர்க்‌ஷாப் வாசலில், ஊர்த் திருவிழாவில் என்று எங்கே பார்த்தாலும் இப்போது இளவட்டங்கள் கையில் செல்போன். அதில் வெளிநாட்டு பயில்வான்கள் ஆணியை வளைக்கிறார்கள், குதிரை லாடத்தை முறுக்குகிறார்கள், சீட்டுக் கட்டைக் கிழிக்கிறார்கள். நம் பையன்கள் அதைப் பார்க்கிறார்கள். உடனே இரும்புக் கடைக்குப் போய் ஆணி வாங்குகிறார்கள்.

வீடியோவில் அந்த பயில்வான் கையில் எதைச் சுற்றியிருக்கிறார் என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை!

இந்த வித்தை ஒன்றும் புதிது அல்ல. நம் ஊரில் இளவட்டக் கல் தூக்கியவர்கள் இருந்தார்கள். நெல்லைச் சீமை வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்கு அந்தப் போட்டி நடக்கிறது. இரும்புச் சங்கிலியை மார்பில் சுற்றி, மூச்சை இழுத்து அறுத்தவர் என்று பேர் வாங்கியவர் கோடி ராமமூர்த்தி நாயுடு. ஆந்திராவில் பிறந்தவர். சென்னை சைதாப்பேட்டையில் உடற்பயிற்சிக் கல்வி படித்தவர். 1942-ல் காலமானார்.

பலசாலிக்கு "சாண்டோ" என்று பட்டம் கொடுக்கிறோமே, அதுவும் ஒரு பயில்வான் பேர்தான். ஐரோப்பாவைச் சேர்ந்த யூஜின் சாண்டோ 1904-05-ல் இந்தியாவுக்கு வந்து வித்தை காட்டிவிட்டுப் போனார். அவர் பேர் இங்கேயே தங்கிவிட்டது. சினிமாப் படம் எடுத்த சாண்டோ சின்னப்பா தேவர் வரைக்கும் அது வந்தது.

அமெரிக்காவில் ஜோ கிரீன்ஸ்டைன் என்று ஒருவர். உயரம் ஐந்தடி நாலு அங்குலம்தான். ஆனால் குதிரை லாடத்தை வளைப்பார். ஆணியைப் பல்லால் கடித்துத் துண்டாக்குவார். கூட்டம் கூடியதும் சொந்தமாகத் தயாரித்த சோப்பு விற்பார்! 1977-ல் இறந்தார்.

இவர்கள் எல்லாம் வருஷக் கணக்கில் பழகியவர்கள். டீ குடித்த வாயோடு பந்தயம் கட்டியவர்கள் அல்ல.

கணக்கு என்ன சொல்கிறது?

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லேத் பட்டறை. அங்கே வேலை பார்க்கும் பெரியவர் ஒரு சாக்பீசை எடுத்துத் தரையில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

"ஆணி தடிமன் ரெண்டு மடங்கானா, வளைக்க ரெண்டு மடங்கு பலம் போதும்னு நினைக்கிறாங்க. தப்பு. எட்டு மடங்கு வேணும். ரெண்டு, ரெண்டு, ரெண்டு பெருக்கிப் பாருங்க" என்றார்.

நீளம் இதற்கு நேர்மாறு. ஆணி நீளமாக இருந்தால் வளைப்பது சுலபம். குட்டையாக இருந்தால் கஷ்டம். ஒரே தடிமனில் ஆறு அங்குல ஆணியை வளைக்கிறவர், அதையே ஐந்து அங்குலமாக வெட்டிக் கொடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக அமுக்க வேண்டும்.

இனி கைக்கு வருவோம். ஒரு கையில் 40 கிலோ அழுத்தம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முழுவதும் ஆணி முனையில், ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்தில் இறங்கினால்? தோலைத் துளைத்துக்கொண்டு போகும். அதே 40 கிலோவை ஒரு தடித்த தோல் துண்டு வாங்கி, இரண்டு சென்டிமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் இடத்தில் பரப்பிவிட்டால்? ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் நானூற்றில் ஒரு பங்குதான்! கை அதைத் தாங்கும்.

"கைக்குச் சுத்துறது வலிக்காம இருக்கிறதுக்கு மட்டும் இல்ல தம்பி. வலிச்சா மூளை கையத் தளர்த்திரும். பலம் இருந்தும் வளைக்க முடியாது. நல்லாச் சுத்துனவன்தான் முழு பலத்தையும் போட முடியும்" என்றார் பெரியவர்.

எதைச் சுற்றலாம்? நேரில் பார்த்தோம்!

அந்தப் பட்டறையிலேயே சாயங்காலம் வேலை முடிந்த பிறகு சோதனை நடந்தது. வளைத்தவர் ஒரு வெல்டர். தினமும் இரும்போடு மல்லுக்கட்டும் கை. ஆறு வருஷமாக எடை தூக்குகிறவர். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டார். கூர்முனையை ஆக்ஸா பிளேடால் வெட்டி, அரம் போட்டு மழுங்கடித்த ஆணிகளைத்தான் கையில் எடுத்தார்.

முதலில் கைக்குட்டை. எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்று தள்ளிவிட்டார். "இது மூக்கு தொடைக்கத்தான் ஆகும்" என்றார்.

அடுத்தது குளிக்கிற துண்டு. தடிமனாக இருக்கிறது. ஆனால் அமுக்கியதும் பஞ்சு மாதிரி ஒதுங்கிவிடுகிறது. ஆணி துண்டுக்குள் சுழல்கிறது. பாதியில் நழுவியது.

மூன்றாவது சைக்கிள் டியூப். நம் பையன்களில் பல பேர் இதைத்தான் நம்புகிறார்கள். பிடிப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் ரப்பர் இழுபடும் சாமான். பலம் கொடுத்ததும் நீண்டு, சுருண்டு, மெலிந்துவிடுகிறது. கூர்முனை ரப்பரைச் சுலபமாகக் குத்திவிடும். இதை மட்டும் தனியாக நம்பக்கூடாது.

நாலாவது சாக்கு. தடிமன் உண்டு. இரண்டு ஆணியோடு இழை பிரிந்து போயிற்று.

ஐந்தாவது வெல்டிங் கையுறை. இதில்தான் பெரிய ஏமாற்றம்! கையுறைதானே பாதுகாப்பு என்று நினைப்போம். அது நெருப்புப் பொறிக்காகத் தைத்தது. விரல்கள் தொளதொள என்று இருக்கின்றன. ஆணியை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. தையல் இருக்கும் இடம் விரலை அறுக்கிறது. ஆனால் வெல்டர் ஒரு யோசனை செய்தார். பழைய கையுறையின் மணிக்கட்டுப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார். தையல் இல்லாத தோல். அதைச் சுற்றினார். பிரமாதமாக நின்றது!

ஆறாவது கித்தான் துணி. லாரிக்கு மூடுகிற பழைய கித்தான். நெருக்கமான நெசவு. நழுவவில்லை, நசுங்கவில்லை. பழைய ஜீன்ஸ் பேண்டை நாலாக மடித்தாலும் கிட்டத்தட்ட இதே பலன்தான்.

கடைசியில் நல்ல மாட்டுத் தோல். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன். சொரசொரப்பான பக்கம் ஆணியைப் பார்த்து. இதில்தான் அவர் கை அசையாமல் நின்றது. ஆணி பத்து எண்ணுவதற்குள் 'ட' மாதிரி மடிந்தது. கையில் ஒரு சிவப்புத் தடம் மட்டும்தான்.

முடிவு: தோல் முதல். கித்தான் அடுத்தது. இரண்டையும் சேர்த்து, உள்ளே தோல், வெளியே கித்தான் என்று சுற்றினால் இன்னும் நல்லது.

"வளைச்சது பெருசில்ல தம்பி"

தோலுக்கு எங்கே போவது? திண்டுக்கல் பக்கம் தோல் ஷாப்புகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு தூரம் போக வேண்டியது இல்லை. மேளத்துக்குத் தோல் கட்டும் ஊரில், செருப்புத் தைக்கும் கடை இருக்கும் ஊரில் தோல் துண்டுக்கா பஞ்சம்?

கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் ஒரு முதியவரிடம் போனோம். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"இதுக்கு முன்னாடி நாலு பயலுக வந்தாங்கெ. செருப்பு அடித்தோல் கேட்டாங்கெ. அது கட்டை மாதிரி வெறைச்சுக்கிட்டு நிக்கும். சுருட்ட முடியாது. மேல்தோலா இருக்கணும். மடிச்சா மடங்கணும், விட்டா நிமிரணும். நல்லெண்ணெய தொட்டுத் தேய்ச்சு வழுவழுன்னு ஆக்கிட்டு வராதீங்கன்னு சொன்னேன். வழுக்கிரும்ல!"

அளவும் அவரே சொன்னார். அகலம் உள்ளங்கை அகலம். நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். ஒரு கைக்கு ஒன்று, ஆக இரண்டு. ஓட்டை இருக்கக்கூடாது, பழைய தையல் தடம் இருக்கக்கூடாது. அந்த இடத்தில்தான் முதலில் கிழியும்.

"ஆணிய வளைச்சது பெருசில்ல தம்பி. மறுநா காலையில அந்தக் கையால சோறு பெசைஞ்சு திங்கணும். அதான் பெருசு" என்றார் முதியவர்.

சுற்றுவது எப்படி?

வெல்டர் செய்து காட்டிய முறை இது:

முதலில் ஆணியின் கூர்முனையை வெட்டி மழுங்கடிக்க வேண்டும். கொண்டை விளிம்பையும் அரம் போட வேண்டும். இதனால் நீளம் கொஞ்சம் குறையும். வளைப்பது அந்த அளவுக்குக் கஷ்டமாகும். ஆனால் கை பிழைக்கும்.

தோலின் ஒரு ஓரத்தில் ஆணியை வைத்து, பீடி சுற்றுகிற மாதிரி இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். ஆணி முனை தோலுக்கு வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது. ஒரு விரல்கடை உள்ளே அமுங்கி இருக்க வேண்டும். அடுத்த முனைக்கும் அப்படியே. நடுவில் ஓர் அங்குலம் ஆணி வெளியே தெரியலாம். அங்கேதான் வளைய வேண்டும்.

கைமுட்டி மேலே தெரிகிற மாதிரி இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நடுப்பக்கம் தாங்கும். முனை சுண்டு விரல் பக்கத்து உள்ளங்கை ஓரத்தில் அமுங்கும். நம் மேளக்கார வாலிபருக்குக் குத்தியது சரியாக அந்த இடத்தில்தான்! ஆகவே தோலின் தடித்த மடிப்பு அங்கே வர வேண்டும்.

வளைப்பது மூன்று கட்டம். முதல் நெளிவுதான் கஷ்டம். அது விழுந்த பிறகு பக்கவாட்டில் மடிக்க வேண்டும். கடைசியில் இரண்டு முனையையும் நெருக்க வேண்டும்.

வளைந்ததும் ஆணியின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்க்காதீர்கள்! இரும்பு மடியும்போது சூடாகும். நிருபர் விவரம் தெரியாமல் தொட்டார். விரலை உதறிக்கொண்டு பட்டறை சிரிக்க நின்றார்.

இந்த ஆணியைத் தொடாதே!

இரும்புக் கடையில் கேட்டால் ஆணியில் பல ஜாதி. சாதாரணக் கம்பி ஆணி மெதுவான இரும்பு. அது வளையும், லேசில் ஒடியாது. கான்கிரீட் சுவரில் அடிக்கிற எஃகு ஆணி வேறு. அது சூடுபோட்டுக் கெட்டியாக்கியது. வளைக்கப் போனால் 'டக்' என்று ஒடிந்து சில்லு தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். அதைக் கையில் எடுக்கவே கூடாது.

ஒரு தடவை வளைத்ததை நிமிர்த்தி மறுபடி வளைப்பதும் தப்பு. மடிந்த இடம் கெட்டிப்பட்டுப் போயிருக்கும். அங்கேதான் ஒடியும்.

முகத்துக்கு நேரே வைத்து வளைக்காதீர்கள். வேடிக்கை பார்க்கும் சின்னப் பிள்ளைகளை எதிரே நிறுத்தாதீர்கள். பல்லால் கடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

வெளிநாட்டில் விதி இருக்கிறது

அமெரிக்காவில் ஐயன்மைண்ட் என்று ஒரு கம்பெனி. கைபலத்துக்கான சாமான் விற்கிறது. அவர்களிடம் "சிவப்பு ஆணி" என்று ஒன்று உண்டு. ஏழு அங்குல நீளம். தடிமன் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு. அதாவது கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். அதை ஒரே நிமிஷத்துக்குள், இரண்டு முனைக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி வரும்படி வளைத்துக் காட்டினால் சர்ட்டிபிகேட்டு!

நம் ஊர் ஆறு அங்குல ஆணி ஆறு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தடிமன் கணக்கிலேயே சிவப்பு ஆணிக்கு இரண்டு மடங்குக்கு மேல் பலம் வேண்டும்.

ஆனால் கவனியுங்கள். அந்தச் சிவப்பு ஆணிக்குப் பெயர்தான் ஆணி. கூர்முனையும் கிடையாது, கொண்டையும் கிடையாது. வெறும் உருட்டுக் கம்பித் துண்டு! கையில் எதைச் சுற்றலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. பெரிய பயில்வான்களே மழுங்கின கம்பியை, கையில் சுற்றிக்கொண்டுதான் வளைக்கிறார்கள். நம் பையன்கள் கூர் ஆணியைக் கைக்குட்டையில் வளைக்கிறார்கள்.

நமக்கும் விதி தெரியாதா என்ன? இதே வாடிப்பட்டி தாலுகாவில்தான் அலங்காநல்லூரும் பாலமேடும் இருக்கின்றன. ஜல்லிக்கட்டுக்கு டாக்டர் பரிசோதனை உண்டு. ஆம்புலன்ஸ் உண்டு. தடுப்புக் கட்டை உண்டு. காளைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு இவ்வளவு செய்கிற ஊர், டீக்கடையில் ஆணி வளைக்கிறவனுக்கு ஒரு தோல் துண்டு கொடுக்கக்கூடாதா?

குத்திவிட்டால்?

ஆணி குத்திய காயம் வெளியே பார்த்தால் மிளகு அளவுதான் இருக்கும். உள்ளே ஆழமாக இருக்கும். அதனால்தான் ஆபத்து. காபித்தூள் வைப்பது, மண்ணெண்ணெய் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். ஓடுகிற நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அமுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"துருப் பிடிக்காத ஆணிதானே, ஊசி எதற்கு?" என்று கேட்கிறார்கள். ரண ஜன்னி துருவால் வருவது அல்ல. மண்ணிலும் புழுதியிலும் இருக்கும் கிருமியால் வருவது. பளபளக்கும் ஆணியிலும் அது ஒட்டியிருக்கலாம். கடைசியாக எப்போது தடுப்பு ஊசி போட்டோம் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

விரல் முழுக்க வீங்கி, மடங்கியே நின்று, நிமிர்த்தினால் உயிர் போகிற வலி என்றால் ஒரு நாள் கூடத் தாமதிக்கக்கூடாது. விரலை இழுக்கும் நரம்புப் பட்டையைச் சுற்றிச் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். விட்டால் விரல் நிரந்தரமாக மடங்காமலே போகலாம்.

நம் மேளக்கார வாலிபர் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு, மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாராம். விரல் வீங்கிய பிறகு! நல்ல காலம், மருந்துக்கு அடங்கியது.

மறுபடியும் வளைப்பாரா?

திரும்பி வரும்போது அவரை இன்னொரு தடவை பார்த்தோம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் மேளம். இடது கையால் மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். வலது கை சும்மா தாளத்துக்கு அசைந்தது, தோலில் படாமல்.

செருப்புத் தைக்கும் முதியவர் கொடுத்தனுப்பிய இரண்டு தோல் துண்டுகளை அவரிடம் கொடுத்தோம். விரித்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். தோலைப் பற்றி அவருக்கா தெரியாது?

"நல்ல தோலுண்ணே" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க தாத்தா காலத்துல இருந்து தோல் கட்டித்தான் சோறு திங்கிறோம். அந்த நூறு ரூவாக்காகக் கைக்குட்டையச் சுத்துனேன் பாருங்க!"

மறுபடியும் ஆணி வளைப்பீர்களா என்று கேட்டோம். உள்ளே இருந்து அவருடைய அம்மா குரல் கொடுத்தார்:

"வளைக்கட்டும் சாமி. மொதல்ல அடுத்த மாசம் சோழவந்தான் கல்யாணத்துக்கு மேளம் அடிக்கட்டும். அச்சாரம் வாங்கியாச்சு!"

வாலிபர் சிரித்தார். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். சுண்டு விரல் மட்டும் இன்னும் பாதியில் நின்றது.

உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர்களே, இரும்புக் கடைக்காரர்களே, ஆணி கேட்டு வரும் இளவட்டங்களிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவீர்களா?